சிறிய கேபினட், போதுமான எஸ்எம்பிஎஸ்: எதை முதலில் முடிவு செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் பழைய டவர் கேபினட் மேசைக்கடியில் கால் நீட்ட இடமில்லாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை எடுத்துவிட்டு, மானிட்டருக்குப் பக்கத்தில் மேசை மேலேயே வைக்கக்கூடிய சிறிய கணினி ஒன்றை அசெம்பிள் செய்ய விரும்புகிறேன். ரைசன் 5 7600 பிராசசர், மிகச் சிறிய அளவான மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு, 32 ஜிபி ராம், ஒரே ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி என்பது வரை முடிவாகிவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060ஆ, 4070ஆ என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. வீடியோ எடிட்டிங்தான் என் முதன்மையான வேலை. ரெண்டர் (திருத்திய வீடியோவை இறுதிக் கோப்பாக்கும் வேலை) ஓடும்போது பிராசசரும் கார்டும் ஒரே நேரத்தில் முழுச் சுமையில் இயங்கும்.

என் குழப்பம், பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பற்றியது. எனக்குப் பிடித்த ஒல்லியான கேபினட் ஒன்று 300 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுடனேயே வருகிறது. பிராசசருக்கு 65 வாட், 4060 கார்டுக்கு 115 வாட், ஆக 180 வாட் என்று கணக்கிட்டால் 300 வாட் தாராளமாகப் போதும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் என்விடியா நிறுவனமோ 4060க்கு 550 வாட்டும் 4070க்கு 650 வாட்டும் கொண்ட எஸ்எம்பிஎஸ்ஸைப் பரிந்துரைக்கிறது. இந்த இரண்டில் எந்தக் கணக்கை நம்புவது?

பழைய கணினியில் இருக்கும், வழக்கமான பெரிய அளவான 650 வாட் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. அதைப் பொருத்திக்கொள்ளும் சிறிய கேபினட்டாகப் பார்த்து வாங்குவது நல்லதா, அல்லது அதைவிடச் சிறிய எஸ்எஃப்எக்ஸ் வகைக்கு மாறிவிடுவது நல்லதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

நண்பரே, கேபினட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு உங்கள் கூட்டல் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். அது சரியானால் மற்ற முடிவுகளில் பாதி தானாகவே வந்துவிடும்.

பிராசசரின் பெட்டியில் போட்டிருக்கும் 65 வாட் என்பது அது எடுத்துக்கொள்ளும் உச்ச மின்சாரம் அல்ல. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் 65 வாட் என்று வகைப்படுத்தப்பட்ட பிராசசர் 88 வாட் வரையிலும், 105 வாட் வகை 142 வாட் வரையிலும், 170 வாட் வகை 230 வாட் வரையிலும் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. இன்டெல்லிலும் இதே நிலைதான். கோர் ஐ5-13400 பிராசசரின் அடிப்படை அளவு 65 வாட் என்றாலும் டர்போவில் (வேகத்தைக் கூட்டி ஓடும்போது) அது 148 வாட் வரை போகும். ஆகவே உங்கள் பிராசசருக்கு 88 வாட், 4060 கார்டுக்கு 115 வாட், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, விசிறிகள், யுஎஸ்பியில் தொங்கும் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 வாட் என்று வைத்தால் மொத்தம் 253 வாட் ஆகிறது. 200 வாட் எடுக்கும் 4070ஐப் போட்டால் அதுவே 338 வாட் ஆகிவிடும்.

இது நிலையான சுமைக்கான கணக்கு மட்டுமே. கிராஃபிக்ஸ் கார்டுகள் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குத் தம் சராசரியை விடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துவிட்டு மீண்டும் இறங்கிவிடும். சுவரில் பொருத்தும் மீட்டரில் அது தெரியாது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று அதை உணர்ந்து, கணினியை எந்த எச்சரிக்கையும் இன்றி அணைத்துவிடக்கூடும். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகள் வந்த காலத்தில் இந்தச் சிக்கல் பரவலாகப் பேசப்பட்டது. 2022இல் வெளியான, எஸ்எம்பிஎஸ்களுக்கான இன்டெல்லின் ஏடிஎக்ஸ் 3.0 வழிகாட்டி, 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ்கள் தம் அளவைப் போல இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோசெகண்டு வரை தாங்க வேண்டும் என்று வரையறுத்தது இதனால்தான்.

இப்போது அந்த 300 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருவோம். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஆம்பியர் போட்டிருக்கும். இன்றைய கணினியில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. மற்ற இரண்டின் பங்கு மிகச் சிறியது. 12 வோல்ட் கட்டத்தின் கீழே 18 ஆம்பியர் என்று இருந்தால், 12ஐ 18ஆல் பெருக்கிப் பாருங்கள்: 216 வாட்தான் வருகிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் 300 என்ற எண், உங்களுக்குப் பயன்படாத 3.3, 5 வோல்ட்டுகளையும் சேர்த்துக் காட்டப்பட்ட எண். நல்ல 450 வாட் எஸ்எஃப்எக்ஸ் ஒன்றின் லேபிளில் 12 வோல்ட்டின் கீழ் 37.5 ஆம்பியர் என்று இருக்கும். அதைப் பெருக்கினால் 450 வாட் முழுமையாக வரும். வாங்குவதற்கு முன் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு கட்டத்தைத்தான்.

அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிராஃபிக்ஸ் கார்டுக்கான எட்டு பின் கனெக்டர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கேபினட்டுடன் சேர்ந்து வருபவற்றில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. அப்போது ஹார்டு டிஸ்குகளுக்கான சாட்டா மின் கனெக்டரிலிருந்து எட்டு பின்னுக்கு மாற்றிக்கொடுக்கும் அடாப்டரைக் கையில் கொடுப்பார்கள்; தயவுசெய்து அதைப் பயன்படுத்தாதீர்கள். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கென மூன்று பின்கள்தான் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 1.5 ஆம்பியர் என்று வைத்தால் மொத்தம் 54 வாட். எட்டு பின் கனெக்டர் வழியாகக் கார்டு 150 வாட் வரை கேட்கலாம். அளவுக்கு மீறிய அந்த மின்னோட்டம் பின்களைச் சூடாக்கி, பிளாஸ்டிக் உறையை உருக்கிவிடக்கூடும்.

என்விடியாவின் 550, 650 என்ற எண்கள், அதிக மின்சாரம் எடுக்கும் பிராசசர் வைத்திருப்பவரையும் மனதில் கொண்டு போடப்பட்டவை. உங்கள் பாகங்களுக்கு, தரமான 450 வாட் எஸ்எம்பிஎஸ் 4060க்குப் போதும்; 4070 என்றால் 600 அல்லது 650 வாட்டுக்குப் போங்கள். கேபினட்டுடன் வரும் 300 வாட் இரண்டுக்கும் பொருந்தாது.

இரண்டாம் பதில்

மேலே நண்பர் வாட் கணக்கை விளக்கிவிட்டார். நான் மில்லிமீட்டர் கணக்கைச் சொல்கிறேன். சிறிய கேபினட்டில் எல்லாவற்றையும் இந்தக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது.

ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 மிமீ அகலமும் 86 மிமீ உயரமும் கொண்டது. நீளம் 140 மிமீயில் தொடங்கி 180 மிமீக்கு மேலும் போகும். எஸ்எஃப்எக்ஸ் 125 மிமீ அகலம், 63.5 மிமீ உயரம், 100 மிமீ நீளம். எஸ்எஃப்எக்ஸ்-எல் என்பது அதே அகலமும் உயரமும் கொண்டு, நீளம் மட்டும் 130 மிமீயாகக் கூடியது. ஒல்லியான அலுவலகக் கணினிகளில் இருக்கும் டிஎஃப்எக்ஸ் 85 மிமீ அகலம், 65 மிமீ உயரம், 175 மிமீ நீளம் என்று குச்சி போல் நீண்டிருக்கும். நீங்கள் பார்த்த கேபினட்டில் இருப்பது பெரும்பாலும் இதுவாகவோ, 81.5 மிமீ அகலமும் 40.5 மிமீ உயரமும் 150 மிமீ நீளமும் கொண்ட ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸாகவோதான் இருக்கும்.

கன அளவில் பார்த்தால் 140 மிமீ நீளமுள்ள ஏடிஎக்ஸ் ஏறத்தாழ 1.8 லிட்டர், எஸ்எஃப்எக்ஸ் 0.8 லிட்டர், ஃப்ளெக்ஸ் அரை லிட்டர். ஒரு லிட்டர்தானே மிச்சம் என்று தோன்றலாம். ஆனால் 10 லிட்டர் கேபினட்டில் அது பத்தில் ஒரு பங்கு; அதைவிட முக்கியமாக, அந்த ஒரு லிட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கூலரின் உயரமும் கார்டின் நீளமும் மாறிவிடுகின்றன.

உங்கள் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸை ஏற்கும் சிறிய கேபினட்டுகள் இருக்கத்தான் செய்கின்றன. சில்வர்ஸ்டோன் எஸ்ஜி13 வெறும் 11.5 லிட்டர்தான், இருந்தும் 150 மிமீ வரையிலான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தும். ஆனால் அந்த எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு நேர் மேலே வந்து நிற்பதால், பிராசசர் கூலருக்குச் சுமார் 60 மிமீ உயரம்தான் கிடைக்கும். உங்கள் 7600உடன் பெட்டியில் வரும் ரைத் ஸ்டெல்த் கூலர் 54 மிமீ உயரம் என்பதால் அது நுழைந்துவிடும். அதை விடச் சிறந்த டவர் கூலர் எதுவும் நுழையாது. ஃப்ராக்டல் டிசைனின் நோட் 304 சற்றுப் பெரியது. ஆறு ஹார்டு டிஸ்குகள் வரை வைக்கலாம் என்பதால் கோப்புச் சேமிப்புக் கணினிக்கு ஏற்றது. அதிலும் ஏடிஎக்ஸ் போடலாம், ஆனால் 160 மிமீ நீளம்தான் எல்லை.

எஸ்எஃப்எக்ஸுக்கு மாறினால் களம் விரிகிறது. கூலர் மாஸ்டர் என்ஆர்200 கேபினட்டின் அளவு 18.25 லிட்டர், 330 மிமீ நீளமுள்ள கார்டும் 150 மிமீக்கு மேற்பட்ட டவர் கூலரும் அதில் ஒன்றாகப் பொருந்துகின்றன. 10.4 லிட்டர் கொண்ட ஃப்ராக்டல் டெர்ராவில் மதர்போர்டும் கார்டும் முதுகோடு முதுகாக நிற்கும். நடுவில் இரண்டையும் இணைக்கும் ரைசர் கேபிள் வளைந்து செல்லும். அதையும் விடச் சிறிய 7.2 லிட்டர் டேன் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் கேபினட்டில் கூலருக்கு 48 மிமீதான் உண்டு என்பதால், நான் மேலே சொன்ன ரைத் ஸ்டெல்த் அதற்குள் போகாது. 37 மிமீ உயரமுள்ள நோக்டுவா என்எச்-எல்9ஏ போன்ற தட்டையான கூலரைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

முதன்முறையாகச் சிறிய கணினி அசெம்பிள் செய்பவருக்கு நான் என்ஆர்200 அளவிலான கேபினட்டையே சொல்வேன். 7 லிட்டரை நோக்கிப் போகும்போது குறையும் ஒவ்வொரு லிட்டருக்கும் பாகங்களின் பட்டியலை மாற்றி எழுத வேண்டிவரும். எந்தக் கார்டு, எந்தக் கூலர் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாமல் கேபினட் தேர்ந்தெடுக்கும். மேசை மேல் வைப்பதற்கு 18 லிட்டர் கொஞ்சமும் பெரிதல்ல.

ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் வகையைப் பற்றி ஒரு வார்த்தை. 4 லிட்டர், 5 லிட்டர் கேபினட்டுகளைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் அதில் இருக்கும் 40 மிமீ விசிறியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சுமை ஏறும்போது அது கீச்சென்று கத்தும். வீடியோ எடிட்டிங் செய்பவர் காதுக்கு இரண்டடி தூரத்தில் அதை வைத்துக்கொண்டு ஒலியைச் சரிபார்க்க முடியாது.

மூன்றாம் பதில்

மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டை இன்னும் வாங்கிவிடவில்லை என்றால் ஒரு மாற்றுக் கருத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மினி ஐடிஎக்ஸ் 170 மிமீ சதுரம். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 மிமீ சதுரம். அந்த 74 மிமீயை விட்டுக்கொடுத்தால் ராமுக்கு நான்கு ஸ்லாட், எஸ்எஸ்டி செருகக் கூடுதல் எம்.2 இடங்கள், வெளியிலிருந்து வரும் வீடியோவைப் பதிவுசெய்யும் கேப்ச்சர் கார்டு போடுவதற்கு இன்னொரு பிசிஐஇ ஸ்லாட் எல்லாம் கிடைக்கும். வீடியோ எடிட்டிங்தான் தொழில் என்றால் இவை வெறும் வசதிகள் அல்ல. இரண்டு ஆண்டுகள் கழித்து நீங்கள் தேடப்போகும் பொருள்கள்.

கைப்பிடி வைத்த, 25 லிட்டரை ஒட்டிய மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினட்டுகள் இப்போது பல நிறுவனங்களிலிருந்து வருகின்றன. அவற்றில் பல, எஸ்எம்பிஎஸ்ஸை முன்பக்கத்திலோ மேல்பக்கத்திலோ வைத்து, நீளம் குறைந்த ஏடிஎக்ஸையும் ஏற்றுக்கொள்கின்றன. கையில் நல்ல 650 வாட் ஏடிஎக்ஸ் இருக்கும்போது அதை மூலையில் போட்டுவிட்டுப் புதிதாக எஸ்எஃப்எக்ஸ் வாங்குவது எனக்கு அவ்வளவு நியாயமாகப் படவில்லை. அதன் நீளத்தை அளந்து, கேபிள்கள் வெளியேறும் பக்கத்தில் இன்னும் 30 மிமீயைக் கூட்டிக்கொண்டு, பிறகு கேபினட்டின் விவரப் பக்கத்தைப் பாருங்கள். கேபிள்களைக் கழற்றிச் செருகக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் கனெக்டர்களும் வளைவும் எடுத்துக்கொள்ளும் இந்த 30 மிமீயை விவரப் பக்கங்கள் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களில் கிராஃபிக்ஸ் கார்டே தேவைப்படாதவர்கள் இருக்கலாம். அவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். அஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்300 போன்ற 1.92 லிட்டர் கணினிகள், மடிக்கணினிக்கு இருப்பதைப் போன்ற 19 வோல்ட், 120 வாட் வெளி அடாப்டரில் இயங்குகின்றன. வெப்பம் உண்டாக்கும் பாகங்களில் ஒன்று பெட்டிக்கு வெளியே போய்விடுகிறது. உங்கள் வேலைக்கு அது போதாது.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மிக்க நன்றி. லேபிளைப் பார்க்கச் சொன்னது பெரிய உதவியாக இருந்தது. அந்த ஒல்லியான கேபினட்டின் எஸ்எம்பிஎஸ் லேபிளைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேட்டுப் பார்த்தேன். 12 வோல்ட்டின் கீழ் 16 ஆம்பியர்தான் இருக்கிறது. பெருக்கினால் 192 வாட். எட்டு பின் கனெக்டரும் இல்லை. ஆகவே அதை விட்டுவிட்டேன்.

பழைய ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸை அளந்ததில் நீளம் 165 மிமீ வருகிறது. நோட் 304இன் எல்லையைக் கூட அது தாண்டுகிறது. மைக்ரோ ஏடிஎக்ஸ் யோசனை நல்லதுதான். ஆனால் மேசையில் மானிட்டருக்கும் சுவருக்கும் இடையே இருக்கும் இடத்தில் 20 லிட்டருக்கு மேற்பட்ட பெட்டி உட்காராது. என் வேலைக்குக் கேப்ச்சர் கார்டும் தேவைப்படுவதில்லை. எனவே என்ஆர்200 அளவிலான கேபினட், 4070 கார்டு, 650 வாட் எஸ்எஃப்எக்ஸ் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. இவ்வளவு நெருக்கமான பெட்டியில் எஸ்எம்பிஎஸ் சூடாகி அதன் ஆயுள் குறையாதா? பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்கள் நல்ல தரமானவை. அவற்றைப் புதியதிலும் செருகிக்கொள்ளலாமா? எங்கள் பகுதியில் மின்தடை அடிக்கடி வருவதால் யுபிஎஸ் வைத்திருக்கிறேன். எஸ்எஃப்எக்ஸ் அதனுடன் ஒத்துப்போகுமா?

நான்காம் பதில்

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. பழைய கேபிள்களைப் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகவே கூடாது. மாடுலர் கேபிளின் மதர்போர்டு பக்கத்துக் கனெக்டருக்குத்தான் தரநிலை உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்துக் கனெக்டரில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் வர வேண்டும் என்பதற்குப் பொதுவான தரநிலை கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே இது மாறுவதுண்டு. செருகியின் வடிவம் ஒத்துப்போவதால் அது சிக்கென்று உட்கார்ந்துவிடும். ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்தால் எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்கும் அந்த நொடியிலேயே போய்விடும். போன தகவலை எந்த உத்தரவாதமும் திருப்பித் தராது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களை அதனுடனேயே ஒரு பையில் போட்டு, பெயர் எழுதி வைத்துவிடுங்கள்.

அடுத்தது வெப்பம். எஸ்எம்பிஎஸ் எந்த வெப்பநிலையில் தன் முழு வாட்டையும் தர வல்லது என்பதை நிறுவனங்கள் விவரப் பட்டியலில் குறிப்பிடுகின்றன. சிலவற்றில் 40 டிகிரி செல்சியஸ் என்றும், வேறு சிலவற்றில் 50 டிகிரி என்றும் இருக்கும். பெரிய டவரில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் 200 வாட் கார்டின் வெப்பக் காற்று கைக்கெட்டும் தூரத்தில் வெளியேறும் சிறிய பெட்டியில் உள்வெப்பநிலை 40ஐ எளிதாகத் தாண்டும் என்பதால், 50 டிகிரி என்று குறிப்பிட்டிருப்பதையே வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அதனுள்ளே இருக்கும் மின்பகு கெபாசிட்டர்கள். அவற்றின் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது மின்னணுவியலில் நெடுங்காலமாகக் கையாளப்படும் கணக்கு. 105 டிகிரிக்குத் தகுதி பெற்ற கெபாசிட்டர்கள் என்று விவரத்தில் இருந்தால் அது வெறும் விளம்பர வரி அல்ல.

பொருத்தும் விதத்திலும் இதற்குப் பயன் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி உள்ள முகம், கேபினட்டின் துளையிட்ட வெளிப்பலகையைப் பார்த்தபடி இருந்தால் அது வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்புறமாக வெளியேற்றும். கார்டின் வெப்பக்காற்று அதற்குள் போகாது. உட்பக்கம் பார்த்தபடி பொருத்தினால் பெட்டியில் சுழலும் சூடான காற்றைத்தான் எஸ்எம்பிஎஸ் உள்ளிழுக்கும். வாய்ப்பிருந்தால் முதல் முறையையே கடைப்பிடியுங்கள்.

எஸ்எஃப்எக்ஸில் இருப்பது வழக்கமாக 92 மிமீ விட்டமும் 15 மிமீ தடிமனும் கொண்ட மெல்லிய விசிறி. எஸ்எஃப்எக்ஸ்-எல் வகையில் 120 மிமீ விசிறி. உங்கள் கேபினட் இரண்டையும் ஏற்கும் என்றால், கூடுதல் 30 மிமீயை எடுத்துக்கொள்ளும் எஸ்எஃப்எக்ஸ்-எல் சற்று அமைதியாக இருக்கக்கூடும்; ஆனால் அந்த 30 மிமீ கேபிள்களைச் சுருட்டி வைக்கும் இடத்திலிருந்துதான் கழியும். நான் எஸ்எஃப்எக்ஸையே தேர்ந்தெடுப்பேன். ஏறத்தாழ 340 வாட் சுமையில் 650 வாட் எஸ்எம்பிஎஸ் தன் அளவில் ஏறத்தாழப் பாதியில்தான் ஓடும். அந்த நிலையில் சிறிய விசிறியும் சத்தம் போடத் தேவையில்லை. தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்குவதன் உண்மையான பயன் இந்த அமைதிதான்.

80 பிளஸ் தங்க முத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது 115 வோல்ட் சோதனையில் 20, 50, 100 சதவீதச் சுமைகளில் முறையே 87, 90, 87 சதவீதத் திறனை (எடுக்கும் மின்சாரத்தில் கணினிக்குப் போய்ச் சேரும் பங்கை) காட்டும் முத்திரை. திறன் கூடினால் வீணாகும் வெப்பம் குறையும் என்பதால் சிறிய பெட்டியில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் மிகைமின்னோட்டம், மிகைவெப்பம், குறுக்குச்சுற்று ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு இருக்கிறதா என்பதை அந்த முத்திரை சொல்லாது. அவற்றை விவரப் பட்டியலில் தனியாகத் தேடிப் பாருங்கள். மிகைவெப்பப் பாதுகாப்பு இல்லாத எதையும் சிறிய கேபினட்டில் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

யுபிஎஸ் விஷயத்தில் எஸ்எஃப்எக்ஸ், ஏடிஎக்ஸ் என்ற வேறுபாடு எதுவும் இல்லை. மின்சாரம் நின்ற பிறகும் எஸ்எம்பிஎஸ் எத்தனை மில்லிசெகண்டு தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. ஏடிஎக்ஸ் 3.0 வழிகாட்டி முழுச்சுமையில் 17 மில்லிசெகண்டைக் கேட்டது. அடுத்து வந்த 3.1 முழுச்சுமையில் 12 என்று தளர்த்தியது. சாதாரண யுபிஎஸ்கள் பேட்டரிக்கு மாற 10 மில்லிசெகண்டுக்குள்தான் எடுத்துக்கொள்கின்றன என்பதால், அளவு போதுமான யுபிஎஸ்ஸாக இருந்தால் கணினி அணையாது. யுபிஎஸ்ஸின் மேல் போட்டிருக்கும் விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணை வாட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாட் எண் தனியாக, அதைவிடக் குறைவாக இருக்கும். உங்கள் கணினி 340 வாட் எடுக்கும்போது, எஸ்எம்பிஎஸ்ஸின் திறனைக் கணக்கில் கொண்டால் யுபிஎஸ் 380 வாட்டுக்கு அருகில் தர வேண்டியிருக்கும். மானிட்டருக்கு வேண்டியதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் பதில் எழுதியவர் மீண்டும்

650 வாட் எஸ்எஃப்எக்ஸ் சரியான முடிவு. பொருத்தும்போது கவனிக்க வேண்டிய சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

4070 கார்டுகளில் சில மாடல்களில் ஒற்றை எட்டு பின் கனெக்டரும், சிலவற்றில் பதினாறு பின் கனெக்டரும் இருக்கும். பதினாறு பின் என்றால், கனெக்டரிலிருந்து 35 மிமீ வரை கேபிளை வளைக்காமல் நேராக விட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. கார்டின் விவரப் பக்கத்தில் இருக்கும் அகலத்துடன் இந்த 35 மிமீயையும் கூட்டி, பக்கவாட்டுத் தகடு மூடுமா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். சிறிய கேபினட்டில் தகட்டை அழுத்தி மூடினால் கேபிள் கனெக்டரின் கழுத்தில் மடங்கும். பின்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தொடும் பரப்பு குறைந்து, அந்த இடம் சூடேறும். உங்கள் கேபினட்டில் இடநெருக்கடி இருக்கும் என்பதால் நான் எட்டு பின் மாடலையே தேடிப் பிடிப்பேன். எப்படியானாலும் கொக்கி விழும் சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். செருகியபின் கனெக்டருக்கும் சாக்கெட்டுக்கும் இடையே இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேபிள்களைச் செருகும் வரிசையும் முக்கியம். மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டின் மூலையில் இருக்கும் பிராசசருக்கான எட்டு பின் மின் கனெக்டர், கூலரைப் பொருத்திய பிறகு விரல் நுழையாத இடுக்கில் போய்விடும். எனவே எஸ்எம்பிஎஸ்ஸைக் கேபினட்டில் வைப்பதற்கு முன்பே அதன் பக்கத்துச் செருகிகளை எல்லாம் செருகிவிடுங்கள். பிறகு பிராசசர் கேபிள், அதன் பின் 24 பின் கேபிள், கடைசியாகத்தான் கிராஃபிக்ஸ் கார்டு.

7600இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருப்பதால், கார்டு இல்லாமலேயே ஒருமுறை இயக்கி பயாஸ் வரை போய்ப் பாருங்கள். அதன்பின் கார்டைப் போட்டு, தகடுகளை எல்லாம் மூடிய நிலையில், நீங்கள் வழக்கமாகச் செய்யும் ரெண்டர் ஒன்றை அரைமணி நேரம் ஓட்டுங்கள். தகடு திறந்திருக்கும்போது எடுத்த வெப்பநிலை அளவுகள் மூடிய பெட்டிக்குப் பொருந்தாது. இடையில் கணினி திடீரென அணைந்தால், கார்டின் மின் வரம்பை மென்பொருளில் 80 சதவீதத்துக்குக் குறைத்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போது அணையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் மீதோ அதன் கேபிளின் மீதோ சந்தேகப்படலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றித் தரும் காலக்கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.